எந்தப் பெட்டியிலும் இல்லாத வார்த்தை

என் அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். தெரியும். பேக்கிங் லைனில் கால் கடுக்க நின்று, அட்டைப்பெட்டியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். என்ன, அது முழுக்க முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றிய இங்கிலீஷ். அவ்வளவுதான் குறை.

பிழைக்க வந்த இந்த வெளிநாட்டில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது நாப்கின் கம்பெனியில். சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டு அலமாரியிலும் எங்கள் சரக்கு இருக்கும். மெஷின் பஞ்சை அமுக்கி, வெட்டி, மடித்து, உறை போட்டு பெல்ட்டில் தள்ளிவிடும். அதை அள்ளிப் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டைப் பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டித் தள்ளுவண்டியில் ஏற்றுவது எங்கள் வேலை. பச்சைப் பெட்டி ரெகுலர். ஊதா ஹெவி. மஞ்சள் லைட். கருநீலம் ஓவர்நைட். வேலைக்கு வந்த புதிதில் அண்ணி நிறத்தை வைத்துத்தான் அடுக்கினாள். அப்புறம் எழுத்துகளின் உருவம் பிடிபட்டது. பிறகு பக்கத்தில் நிற்பவளிடம் கேட்டு உச்சரிப்பும் வந்துவிட்டது.

தமிழில் இதற்கு வார்த்தை இல்லையா என்ன? கொட்டிக் கிடக்கிறது. தூரம் என்போம், விலக்கு என்போம், தலைக்குக் குளிச்சாச்சு என்போம், ஒன்றும் வாயில் வராவிட்டால் 'அது' என்போம். எல்லாம் சுவரைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைகள். பக்கத்தில் நிற்கும் பொம்பளைக்குப் புரிய வேண்டும், அவளுக்கு அடுத்து நிற்கும் ஆம்பளைக்குப் புரியக் கூடாது, அதற்கென்றே செய்து வைத்தவை. பெட்டியில் இருக்கிற இங்கிலீஷுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கொட்டை எழுத்தில் ஹெவி ஃப்ளோ என்று போட்டுக்கொண்டு லாரி ஏறி ஊரெல்லாம் சுற்றிவிட்டு வரும்.

அண்ணி அந்த வார்த்தைகளை வைத்தே குடித்தனம் நடத்தினாள். எங்கள் சூப்பர்வைசருக்குத் தமிழ் தெரியாது. மணிக்கட்டைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் பேச மாட்டான் என்பதால் அவனுக்கு நாங்கள் வைத்த பேர் கடிகாரம். காலையில் வந்ததும் "ஹவ் ஆர் யூ?" என்பான். மற்றவர்கள் பல்லைக் காட்டுவோம். அண்ணி மட்டும் பளிச்சென்று "ரெகுலர்!" என்பாள். வேலை குவிந்தால் "டுடே ஹெவி." லைனில் ஆள் குறைந்தால் "டுடே நோ விங்ஸ்." இறக்கை இல்லாத நாப்கின் மாதிரி இரண்டு பக்கமும் பிடிப்பு இல்லையாம். யாராவது ஒருத்தி வீட்டுச் சண்டையை இன்னொருத்தியிடம் போட்டுக் கொடுத்துவிட்டால் "லீக்!" என்று கத்துவாள். கடைசியில் கடிகாரமே அப்படிப் பேச ஆரம்பித்துவிட்டான். அண்ணிக்கு 'ரெகுலர் அக்கா' என்று பேர் விழுந்தது, அது விழுந்ததில் அவளுக்கு ஒரே பெருமை.

இத்தனைக்கும் கல்யாணம் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பெண். என் அண்ணன் வேன் ஓட்டுகிறவன், பாதி நாள் ரோட்டில் இருப்பான். ஒரே மகள் பிறந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டுக்குள் என்ன செய்யப்போறீங்க, வாங்க என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பெல்ட் பக்கத்தில் நின்றதும் எங்கிருந்தோ ஒரு தைரியம் வந்தது அவளுக்கு. 

புதிதாக வந்த ஒரு பெண் ஒருநாள் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். லைனை விட்டு நகர வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும், தூக்கினால் கடிகாரம் வந்து மணிக்கட்டைப் பார்ப்பான், ஏன் எதற்கு என்பான். அந்தப் பெண்ணின் வெள்ளைக் கோட்டில் பின்னால் கறை. கையைத் தூக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அழுதுவிடுவாள் போல இருந்தது. அண்ணி தன் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் கட்டினாள். கடிகாரம் ஓடி வந்தான். அண்ணி அவன் முகத்துக்கு நேராக, "ஹெவி ஃப்ளோ! கோ!" என்றாள். பாவம், காது வரைக்கும் சிவந்துபோய்த் திரும்பிப் பார்க்காமல் போனான். அன்றிலிருந்து யாருக்கும் கையைத் தூக்குகிற வேலையே இல்லை. தேவைப்பட்டவர்கள் அண்ணியைப் பார்ப்பார்கள், அண்ணி குரல் கொடுப்பாள்.

அவளுக்கு ஐம்பதை ஒட்டி நின்றுபோனது. எங்கள் கம்பெனியில் இறக்கை கோணலாகவோ உறை கிழிந்தோ வருகிற உருப்படிகளைப் பையில் கட்டி வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். அண்ணி தன் பையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. விட்டுது சனி. இனிமே இந்தச் சனியனை அடுத்தவளுக்கு அடுக்குறதோட சரி."

"அவ்வளவு சந்தோஷமா அண்ணி?"

"பின்னே? நிம்மதியா வெள்ளைப் போர்வையில படுப்பேன்."

அப்படியே இரண்டு வருஷம் போனது. ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். கல்யாணமான மறுநாள் பெண்ணுக்கு இருக்கிற வெட்கம் முகத்தில்.

"ஏய், அந்தப் பையில ஒண்ணு குடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு கேக்குறா பாரு. திரும்ப வந்திருக்குடி."

நான் வாயைப் பிளந்தேன். விஷயம் லைனுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ரெகுலர் அக்காவுக்கு இளமை திரும்பிவிட்டது, அண்ணன் கொடுத்து வைத்தவர், அடுத்த வருஷம் தொட்டில் வாங்க வேண்டியதுதான் என்று ஆளாளுக்குக் கேலி. அண்ணியும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு முழுசாக வரவில்லை. நின்ற மெஷின் தானாக ஓடினால் நாங்கள் கையைத் தட்டுவோமா, ஓடிப்போய் ஆளைக் கூப்பிடுவோமா? டாக்டரிடம் போகலாம் என்று நச்சரித்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நச்சரிப்புதான். இரண்டு மாசம் கழித்து, சரி வா, உன் தொல்லை தாங்கல என்று கிளம்பினாள்.

எங்கள் தெரு முனையில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி அது. தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. முதலில் நர்ஸ் ஒருத்தி கூப்பிட்டு உட்கார வைத்து விவரம் கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டுவாள். நானும் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அதே அட்டைப்பெட்டி இங்கிலீஷ்தான். நர்ஸ் எதையோ கேட்டாள், அதில் பீரியட் என்ற வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் விழுந்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய விஷயம் அல்லவா?

"எஸ், பீரியட்! நவ் பீரியட்."

"ஹெவி?"

"நோ, நோ. லைட்."

"ரெகுலர்?"

"ரெகுலர்!" அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவதற்கு யோசனையே தேவையில்லை. மாசா மாசம் வந்ததும் உண்மைதான்.

நர்ஸ் சிரித்தாள். யுவர் இங்கிலீஷ் இஸ் குட் என்று சொன்னாள், அது எனக்கே புரிந்தது. சத்து மாத்திரை ஒரு பட்டை கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பி வைத்தாள். அண்ணி வெளியே வந்ததும் சேலைத் தலைப்பை உதறி இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பாத்தியா? ஒரு இடத்துல தடுமாறினேனா?"

"அதெல்லாம் சரி அண்ணி. நின்னுபோய்த் திரும்ப வந்ததைச் சொன்னீங்களா?"

அண்ணி நடந்துகொண்டே யோசித்தாள். "அதுக்கு என்னடி வார்த்தை?"

இரண்டு பேரும் பச்சை, ஊதா, மஞ்சள், கருநீலம் என்று ஒவ்வொரு பெட்டியாக மனசுக்குள் திருப்பிப் பார்த்தோம். எதிலும் இல்லை. எப்படி இருக்கும்? நின்றுபோனவள் கம்பெனிக்கு எதற்கு? அவளுக்கு விற்க ஒன்றும் இல்லையே. ஏன், ஸ்டாப் என்ற வார்த்தை தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். ஒவ்வொரு மெஷினிலும் சிவப்புப் பொத்தான் மேல் போட்டிருக்கிறது. அது மெஷினுக்கு உரிய வார்த்தை. ஒரு பொம்பளையின் உடம்புக்கு அதைச் சொல்லலாம் என்று எங்கள் மண்டையில் உதிக்கவே இல்லை. இப்போது நினைத்தால் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

குளிர்காலம் வந்ததும் லைட் என்பது போய்விட்டது. இடுப்பு வலிக்கிறது என்றாள். நிற்க முடியாமல் பெட்டி மேல் சாய்ந்து நிற்பாள். முகம் காகிதம் மாதிரி வெளுத்துப்போனது. "டுடே ஹெவி" என்று அவள் சொன்னால் கடிகாரம் சரக்கைச் சொல்கிறாள் என்று நினைத்து, எஸ் எஸ், ஹெவி என்று தலையாட்டிவிட்டுப் போவான். என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, நீ கூடப் போய்ப் பேசு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

"நானா? பொம்பளைங்க விஷயத்துல நான் என்னத்தப் பேசுறது?"

"பொம்பளைங்க விஷயம் இல்ல, உன் பொண்டாட்டி விஷயம்."

மூக்கு விடைத்தது அவனுக்கு, ஆனால் போனான். அண்ணியைத் தாங்கிப் பிடித்துப் படியேற்றினான் என்றால் பாருங்கள், அவ்வளவு பயம். நானும் பின்னாலேயே போனேன். இந்த முறை நர்ஸைத் தாண்டி டாக்டரிடமே விட்டுவிட்டார்கள். டாக்டர் ஆண், என் அண்ணனைவிடச் சின்ன வயசு. வாட்ஸ் த ப்ராப்ளம் என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டார். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனின் இங்கிலீஷ் வேனில் கற்றது. லெஃப்ட், ரைட், டெலிவரி, சைன் ப்ளீஸ், டிராஃபிக் ஜாம். அதிலும் இதற்கு வார்த்தை இல்லை. இருந்தாலும் பீரியட் என்றாவது அவனுக்குத் தெரியும், மகள் இருக்கிற வீடுதானே. அவன் தொண்டையைச் செருமினான்.  

"வீக்னஸ்," என்றான். "ஃபுல் பாடி வீக்னஸ். பேக் பெயின்."

மேஜைக்கு அடியில் அண்ணி அவன் கையை நெரிப்பது எனக்குத் தெரிந்தது. அவன் இன்னொரு தடவை "வீக்னஸ்" என்றான், அதற்கு மேல் நகரவில்லை. அண்ணி தானே வாயைத் திறந்தாள். கடிகாரத்தின் முகத்துக்கு நேராகக் கத்தியவள்தானே? ஆனால் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து, அவமானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை அவளுக்கே வரவில்லை. மூடிக்கொண்டாள். நான் இருக்கிறேனே, ஊருக்கெல்லாம் நியாயம் பேசுகிறவள், நானும் தூண் மாதிரி நின்றேன்.  டாக்டர் இரத்தம் எடுத்தார், சத்துக் குறைவு என்றார், வலிக்கு மாத்திரையும் இடுப்புக்குப் பெல்ட்டும் எழுதித் தந்தார். அண்ணன் அன்றே அலைந்து திரிந்து அந்தப் பெல்ட்டை வாங்கி வந்து, தன் கையாலேயே அவளுக்குக் கட்டிவிட்டான்.

மகளிடம் சொல்லுங்கள் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேன். அவள் வேறு ஊரில் பெரிய ஆபீசில் வேலை பார்க்கிறாள். நாளெல்லாம் போனில் இங்கிலீஷ்தான். "அவகிட்டப் போயா இதைப் பேசுவாங்க? அவ நிம்மதியா வேலை பாக்கட்டும்," என்பாள் அண்ணி. போன் வந்தால், "நல்லா இருக்கேன்டி, ரெகுலர்," என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாள். நான் சொல்லிவிடப் போகிறேன் என்று மிரட்டினால், சொன்னால் என் முகத்திலேயே விழிக்காதே என்று அழுவாள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்? 

மகள் தானாகத்தான் வந்தாள், லீவுக்கு. வந்த மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து அந்த நாப்கின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தை, இது உங்களுதா? இங்க கிடக்குது."

அண்ணி குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நான் கண்ணால் அவள் பக்கம் காட்டினேன்.

"அம்மாவுதா? அம்மாவுக்குத்தான் நின்னுபோச்சே. எப்பவோ நின்னுடுச்சே!"

"திரும்ப வந்துச்சும்மா. போன வருஷமே."

"போன வருஷமா?" அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. "அத்தை, அது திரும்ப வரக் கூடாது அத்தை. வந்தா உடனே போகணும். யாருமே சொல்லலையா?"

யார் சொல்ல? யாரிடம் சொல்ல? 

அன்றே போனோம், அதே சின்ன ஆஸ்பத்திரிக்கு, அதே நர்ஸிடம். அவள் அண்ணியை அடையாளம் கண்டு சிரித்தாள். மகள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே படபடவென்று பேசினாள். அதில் ஒரு வார்த்தை, மெனோபாஸ், நின்றுபோவதற்கு அதுதான் பேராம், காதில் விழுந்ததும் நர்ஸின் கை விசைப்பலகை மேல் அப்படியே நின்றது. அவள் கண்ணை உயர்த்தி அண்ணியைப் பார்த்த பார்வை என் ஜென்மத்துக்கும் மறக்காது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்ன பிறகு எல்லாக் கதவும் திறந்தது. டாக்டர் எழுந்து வந்தார், போன் செய்தார், அடுத்த நாளே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அங்கே ஸ்கேன் என்றார்கள், கர்ப்பப்பையிலிருந்து சதையை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். மெனோபாஸ், மெனோபாஸ் என்று அண்ணி வேனில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு சின்னதா இருக்கேடி, யாராவது சொல்லிக் கொடுத்திருந்தா ஒரே நாள்ல மனப்பாடம் பண்ணியிருப்பேனே என்றாள். வேன் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினான்.

முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று அண்ணன் மேலே வர மாட்டேன் என்றுவிட்டான். வண்டியை நிறுத்த இடமில்லை என்று சாக்கு. நாங்கள் மூன்று பேரும் போனோம். டாக்டர் நரைத்த முடிக்காரம்மா. எங்களைப் பார்த்ததும் தன் நாற்காலியை மேஜைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அண்ணிக்கு எதிரே முட்டி தட்டும்படி உட்கார்ந்தார்.  நல்ல சேதி சொல்கிறவர்கள் எழுந்து வந்து உட்கார மாட்டார்கள்.

அவர் மெதுவாகப் பேசினார், அண்ணியின் கண்ணைப் பார்த்தே பேசினார். நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம். மகள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அந்த ம் வருவதும் நின்றுவிட்டது. டாக்டர் முடித்துவிட்டு, சொல்லு என்பது போல மகள் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒண்ணும் பயப்பட வேண்டாமாம்மா," என்றாள் மகள். "கொஞ்ச நாள் மருந்து ஏத்தணுமாம்."

அண்ணி அவளையே பார்த்தாள். "அவ்வளவு நேரம் பேசினாங்களே. இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"ஆபரேஷன்?"

"அது வேணாமாம்."

"வேணாமாமா, முடியாதாமா?"

மகள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.  அண்ணி என் பக்கம் திரும்பினாள், நான் கதவைப் பார்த்தேன். ஊரில் இருக்கிற வார்த்தையெல்லாம் தெரிந்த பெண் எங்களுக்கு வந்து சேர்ந்தாள், அவளுக்கும் வாய் அடைத்துக்கொண்டது. நான் யாரைக் குற்றம் சொல்ல?

"சரி," என்றாள் அண்ணி. "நான் இந்தம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீ அப்படியே சொல்லு. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

டாக்டரை நேராகப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள். "அம்மா, நான் முன்னாடியே ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பவே இதை யாராவது டாக்டர்கிட்ட சொல்லியிருந்தா, நான் பொழைச்சிருப்பேனா?"

டாக்டர் மகளைப் பார்த்தார்.  மகள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில் எதையோ கேட்டாள். எனக்கு அதில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. வாட்டர். அம்மாவுக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறாள், பாவி மகள்.

டாக்டர் அண்ணியின் கையைத் தொட்டு, ஆமாம், ஆமாம் என்று மெதுவாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை அண்ணி பார்த்தாள். அது உங்கள் கேள்விக்கு இல்லை அண்ணி என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தி என்ன செய்ய, சரியான பதில் மட்டும் வேறாகவா இருக்கப் போகிறது? டாக்டர் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனார்.  அண்ணி மகளின் முட்டியில் கையை வைத்தாள்.

"நான் கேட்டதையும் இவங்க சொன்னதையும் உங்கப்பாகிட்டச் சொல்லிடாதடி," என்றாள். "அந்த மனுஷன் தாங்க மாட்டாரு."